துணைக்கு வந்தவள்

கான்வென்ட் மதர் போட்ட நிபந்தனை ஒன்றுதான். லூசி டீச்சர் வரைபடம் பார்க்கவும் திசைகாட்டி பிடிக்கவும் தாராளமாகக் கற்றுக்கொள்ளலாம். சர்வே ஆபீசில் படம் வரைகிற லூயிஸ் கற்றுக்கொடுப்பதிலும் தடையில்லை. ஆனால் பாடம் நடக்கும்போதெல்லாம் லூயிஸின் மனைவி கெர்ட்ரூட் கூட இருக்க வேண்டும்.

ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் வைத்து மதர் இதைச் சொன்னபோது கெர்ட்ரூட் தலையை ஆட்டினாள். வீட்டில்தானே இருக்கப்போகிறேன், அதிலென்ன சிரமம் என்று சிரித்தும் வைத்தாள்.

அது முப்பத்து மூன்றாம் வருஷம். ஜொகூர் பாருவில் கான்வென்ட் பிள்ளைகளுக்கு அப்போதுதான் கைட்ஸ் என்ற சாரணியர் படை தொடங்கியிருந்தார்கள். பிள்ளைகளைக் காட்டுக்கும் மலைக்கும் அழைத்துப்போய்க் கூடாரம் அடித்துத் தங்கவைக்க ஒரு தலைவி வேண்டும். அவளுக்கு வழி தவறாமல் மலையேறித் திரும்பத் தெரிந்திருக்க வேண்டும். அதைச் சிங்கப்பூரிலிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மாள் வந்து சோதித்த பிறகுதான் பதவி உறுதியாகும். அந்தப் பதவிக்கு மதர் தேர்ந்தெடுத்திருந்தவள் லூசி, மூன்றாம் வகுப்பு டீச்சர்.

அந்த மூன்றாம் வகுப்பு ஒரு காலத்தில் கெர்ட்ரூடுடையது. கல்யாணமானால் வேலையை விட்டுவிட வேண்டும் என்பது பள்ளிக்கூடத்து வழக்கம். அவளும் சந்தோஷமாகத்தான் விட்டாள். லூயிஸ் நல்ல வேலையில் இருக்கிறார், குடிக்கமாட்டார், பேச்சு குறைவு என்று பெண்பார்க்கும்போதே சொல்லியிருந்தார்கள். மூன்றுமே உண்மையாக இருந்தன. பேச்சு குறைவு என்பதைத்தான் அவள் அப்போது ஒரு நல்ல குணமாக எடுத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை மதியங்களில் பாடம் நடந்தது. சாப்பாட்டு மேசையைத் துடைத்து, அதன்மேல் லூயிஸ் ஆபீசிலிருந்து கொண்டுவந்த வரைபடத்தை விரிப்பார். ஒரு பக்கம் அவரும் லூசியும். எதிர்ப்பக்கம் கெர்ட்ரூட், மடியில் ஏதாவது தையலோடு. வரைபடம் அவளுக்குத் தலைகீழாகத் தெரியும். தெற்கு மேலே, வடக்கு கீழே.

"இந்தக் கோடுகளைப் பாருங்க டீச்சர். ஒரு கோட்டுமேல நடந்துகிட்டே இருந்தா ஏறவும் மாட்டீங்க, இறங்கவும் மாட்டீங்க. கோடு நெருங்கி இருந்தா செங்குத்து. விலகி இருந்தா நிதானமா ஏறலாம். மலை உச்சியிலேர்ந்து கோடு வெளிப்பக்கமா வளைஞ்சு வருதுல்ல, அது மலையோட மூக்கு. உள்பக்கமா குழிஞ்சா அங்க ஓடை இருக்கும்."

"வெங்காயத்தை நறுக்கி வச்ச மாதிரி இருக்கு சார்."

லூயிஸ் சிரித்தார். தொண்டையிலிருந்து வராமல் வயிற்றிலிருந்து வந்த சிரிப்பு. கெர்ட்ரூடின் ஊசி துணியில் நின்றது. இந்த வீட்டுக்குள் இப்படி ஒரு சிரிப்பு இருந்ததா? அலமாரியில் தனக்குத் தெரியாமல் ஒரு தட்டு இருந்ததைக் கண்டுபிடித்தவள்போல அவள் அவரைப் பார்த்தாள். ஆபீஸ் விட்டு வந்தால் கை மையைக் கழுவுவார், பேப்பர் படிப்பார், "சாப்பாடு ஆச்சா" என்பார். ஒரு மலையைக் கோடுகளாக மாற்றி உட்கார்ந்திருக்கும் மனிதர் இவர் என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை. அவரும் சொன்னதில்லை. அவள் கேட்டதும் இல்லைதான். கேட்கலாம் என்றுகூட அவளுக்குத் தோன்றியதில்லை. இப்போது ஒரு சின்னப் பெண் வந்து வெங்காயம் என்கிறாள், கதவு திறந்துகொள்கிறது.

இன்னொன்றையும் அவள் கவனித்தாள். லூசியை அவர் "நீங்க" என்றார். அது மரியாதை, டீச்சரை வேறெப்படிச் சொல்வது? ஆனாலும் தனக்குக் கிடைக்கிற "நீ"யும் "ஏய்"யும் திடீரென்று தேய்ந்துபோன பாத்திரம்போலத் தோன்றின.

இரண்டாம் வாரம் அவர்கள் குடியிருந்த சர்க்கார் குவார்ட்டர்சுக்குப் பின்னால் இருக்கும் மேட்டுக்குப் போனார்கள். லாலான் புல் மண்டிய மேடு. அங்கிருந்து பார்த்தால் மசூதியின் மினாராக் கோபுரம், கடல், சிங்கப்பூருக்குப் போகும் பாலத்தின்மேல் ஊர்கிற ரயில், எல்லாம் தெரியும். லூயிஸ் முதலில் தன் சாவிக்கொத்தையும் பேனாக்கத்தியையும் எடுத்துத் தூரத்தில் ஒரு கல்லின்மேல் வைத்தார். இரும்பு பக்கத்தில் இருந்தால் முள் அதன் பக்கம் சாயும் என்றார். பிறகு திசைகாட்டியை லூசியின் உள்ளங்கையில் வைத்தார்.

"நெஞ்சுக்கு நேரா, உடம்போட சேர்த்துப் பிடிங்க. அப்பத்தான் ஆடாது. மினாரா எந்தக் கோணத்துல இருக்குன்னு சொல்லுங்க."

லூசி குனிந்து பார்த்துச் சொன்னாள். லூயிஸ் புருவத்தைச் சுருக்கினார். மறுபடி பார்க்கச் சொன்னார். பிறகு அவள் முகத்தையே கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"உங்க கண்ணாடியைக் கழட்டுங்க. பிரேம் எஃகு. குனியறப்போ முள்ளை இழுக்குது."

கழற்றினாள். கோணம் சரியாக வந்தது. அடுத்த சனிக்கிழமை லூசி சிங்கப்பூரில் வாங்கிய புதுக் கண்ணாடியோடு வந்தாள், ஆமை ஓட்டு நிறத்தில் உருண்டையான பிரேம்.

"நல்லா இருக்கா அக்கா?"

"ம். நல்லா இருக்கு."

நன்றாகத்தான் இருந்தது. அதுதான் வருத்தம்.

பக்கத்து குவார்ட்டர்ஸ் கிருஷ்ணம்மாவுக்கு எதையும் வேலிக்கு மேலாகக் கேட்டுவிட வேண்டும். துணி காயப்போடும்போது கேட்டாள்.

"என்ன கெர்ட்ரூட், சனிக்கிழமையானா வீட்டுல சிரிப்புச் சத்தமா இருக்கு?"

"அந்த டீச்சர் பாடம் படிக்க வருது."

"உன்னை அக்காங்குதே."

"கூப்பிட்டா என்னவாம்?"

"ஒன்னுமில்லலா. உன்னை அக்கான்னா அவரு அத்தான் ஆகணும். அதான் கணக்குப் பார்த்தேன்." கிருஷ்ணம்மா வாயை முந்தானையால் மூடிக்கொண்டு சிரித்தாள். "ஐயோ, மூஞ்சியைப் பாரேன். சும்மா சொன்னேன்."

லூசி அவரை ஒருநாளும் அத்தான் என்றதில்லை. சார் என்றுதான் சொல்வாள். அந்தப் பெண்ணிடம் ஒரு தப்பான பார்வைகூடக் கிடையாது என்பது கெர்ட்ரூடுக்குத் தெரியும். இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். சண்டை போடலாம், மதரிடம் சொல்லலாம், அழலாம். லூயிஸுக்கு லூசி தேவைப்படவில்லை; தான் சொல்வதைக் கேட்கும் ஒரு மூளை தேவைப்பட்டது. மனைவிக்கு அது இருக்கக்கூடும் என்ற சந்தேகமே அவருக்கு வரவில்லை. இதைக் கொண்டுபோய் எந்த மதரிடம் முறையிடுவது?

அதற்கடுத்த வாரம் மேட்டில் அவள் கேட்டுவிட்டாள்.

"எனக்கும் கொஞ்சம் காட்டுங்களேன்."

"உனக்கு எதுக்கு?" என்றார் லூயிஸ். கோபமெல்லாம் இல்லை. உண்மையாகவே புரியாமல் கேட்டார்.

"குடுங்க சார், அக்காவும் பார்க்கட்டுமே" என்றாள் லூசி.

லூசி சொல்லித்தான் திசைகாட்டி கைக்கு வந்தது. கெர்ட்ரூட் அதை உள்ளங்கையில் வைத்து, அவர் சொன்னது ஒன்றையும் விடாமல், நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தாள். மூச்சைக்கூட அடக்கிக்கொண்டாள். மினாராவின் கோணத்தைச் சொன்னாள்.

"தப்பு."

பாலத்தைப் பார்த்துச் சொன்னாள். அதுவும் தப்பு. சிங்கப்பூர்ப் பக்கத்துக் கரையில் ஒரு புகைபோக்கியைக் காட்டினார். அதையும் தப்பாகச் சொன்னாள்.

"சிலருக்கு வரும், சிலருக்கு வராது. விடு" என்று லூயிஸ் திசைகாட்டியை வாங்கிக்கொண்டார். ஆறுதலாகத்தான் சொன்னார். அவளுக்கு அது வெந்நீர் பட்ட இடம்போல ராத்திரிவரை எரிந்தது.

திசைகாட்டியை அவர் வீட்டு அலமாரியில்தான் வைத்திருந்தார். திங்கட்கிழமை விடிந்ததும் அவர் குளிக்கப் போகும் நேரத்தில் அவள் அதை எடுத்துப் பின்வாசலில் நின்றாள். அங்கிருந்தும் மினாராவின் உச்சி தெரியும். வரைபடத்தில் வீடு இருக்கிற இடத்திலிருந்து மினாராவுக்கு எத்தனை பாகை என்று எதிரில் உட்கார்ந்து கேட்டதெல்லாம் நினைவிருந்தது. பார்த்தாள். சரியாக இருந்தது. நம்பாமல் மறுபடி பார்த்தாள். மறுபடியும் சரி.

அவர் ஆபீஸ் போன பிறகு, குளித்து உடுத்திக்கொண்டு வந்து அதே படியில் நின்று பார்த்தாள். தப்பு. காலையில் வந்த அறிவு மதியத்துக்குள் எங்கே போகும்? அவளுக்கு அழுகை வந்தது. திசைகாட்டியை இன்னும் இறுக்கமாக நெஞ்சோடு அழுத்தினாள். முள் இன்னும் கொஞ்சம் திரும்பியது. கையைத் தள்ளி நீட்டினாள். முள் பழைய இடத்துக்குப் போனது. கிட்டே கொண்டுவந்தாள். யாரோ கூப்பிட்டதுபோல அது மெல்லத் திரும்பி அவளையே பார்த்தது.

ரவிக்கைக்குள்ளிருந்து தாலிச் சங்கிலியை வெளியே இழுத்தாள். சிலுவை பொறித்த தாலி, அதன் பக்கத்தில் ஒரு கொத்து ஊக்கு.

ஊக்கை இரும்பென்று யார் நினைப்பார்கள்? அவசரத்துக்கு வேண்டுமே என்று கல்யாணமான மறுநாள் ஒன்று மாட்டியது. பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. அம்மா, அத்தை, அக்கம்பக்கத்தில் எல்லோர் கழுத்திலும் அப்படித்தான் கிடந்தது. ராத்திரி மட்டும் உறுத்துகிறதே என்று கொத்தைக் கழற்றிக் கொசுவலைக் கயிற்றில் மாட்டிவைப்பாள். காலையில் குளித்ததும்தான் மறுபடி கழுத்துக்கு வரும்.

அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மூளை சரியாகத்தான் இருக்கிறது என்ற நிம்மதி ஒரு கணம்தான் நின்றது. அதன் பின்னாலேயே இன்னொன்று வந்தது.

லூசியின் மூக்கின்மேல் இருந்த மெல்லிய கம்பி அவர் கண்ணில் பட்டது. மேட்டுக்குப் போன முதல் நாளே பட்டது. தன் மனைவியின் கழுத்தில், அவர் கையால் கட்டிய தாலியோடு கிடக்கும் கொத்து படவில்லை. இருப்பது தெரியாதென்றும் சொல்ல முடியாது. ராத்திரி காற்றில் அது கிணுகிணுக்கிறது, வேறு எங்காவது மாட்டு என்று அவரே ஒருமுறை சொல்லியிருக்கிறார். லூசி தப்பாகச் சொன்னால் அதற்குக் காரணம் இருக்க வேண்டும் என்று தேடுகிறார். தான் தப்பாகச் சொன்னால் அதற்குக் காரணம் தானேதான்.

அன்று சாயங்காலமே சொல்லியிருக்கலாம். சொன்னால் "ஓ, அப்படியா" என்பார். அவ்வளவுதான். அவளுக்கு அது வேண்டியிருக்கவில்லை. அவராகப் பார்க்க வேண்டும்.

அதனால் அவள் ஒரு விளையாட்டைத் தொடங்கினாள். காலையில் கொத்து இல்லாமல் பின்வாசலில் நின்று பழகினாள். கை தேறிவிட்டது. சனிக்கிழமை மேட்டில் வேண்டுமென்றே கொத்தோடு நின்று, தப்பான கோணத்தைச் சொன்னாள். சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்ப்பாள். இப்போது கேட்பாரா? உன் கழுத்தில் என்ன என்று இந்த வாரமாவது கேட்பாரா? ஒவ்வொரு வாரமும் அவர் புன்னகையோடு திசைகாட்டியை வாங்கி லூசியிடம் கொடுத்தார். விளையாட்டில் தோற்கத் தோற்க, அவள் கோபம் மட்டும் எப்படியோ அவரை விட்டுவிட்டு லூசியின் பக்கமே சாய்ந்தது. அது நியாயமில்லை என்று தெரிந்துதான் இருந்தது. நியாயம் தெரிவதால் பொறாமை குறைவதில்லை. கூடவே கொஞ்சம் வெட்கத்தையும் சேர்த்துக்கொண்டு வளர்கிறது.

சோதனைக்கு முந்தின சனிக்கிழமை, பொந்தியான் சாலைக்கு மேலே, மேசையில் வரைபடமாகப் பார்த்துப் பழகிய மலைக்கு வாடகைக் காரில் போனார்கள். ஒரு முகட்டில் நின்று லூயிஸ் விளக்கினார். எதிரே காடு சரிந்து இறங்கி, மறுபடி ஏறி இன்னொரு முகட்டில் முடிகிறது. அங்கே சர்வேக்காரர்கள் கட்டிய கல்தூண் ஒன்று உண்டு.

"பாதை சுத்திப் போகும். நான் அதுல போய்த் தூண்கிட்ட நிக்கிறேன். நீங்க ரெண்டு பேரும் காட்டுக்குள்ளயே நேரா தெற்கே வாங்க. வழி தவறினா விசில் ஊதுங்க, கேட்கிற தூரம்தான், வந்துடுவேன். ஆனா ஊதிட்டீங்கன்னா இன்னும் தேறலைன்னு மதர்கிட்ட சொல்லியாகணும். சோதிக்க வர்ற வெள்ளைக்கார அம்மா அடுத்த வருஷம்தான் திரும்ப வருவாங்க."

"ஊதமாட்டேன் சார். பிள்ளைங்க கூடாரத் துணியெல்லாம் தைச்சு வச்சிட்டு உட்கார்ந்திருக்குங்க. முகாம் இல்லேன்னா என்னைக் கொன்னுடும்."

அவர் போனார். லூசி புடவையைத் தூக்கிச் செருகினாள். நாலடி இறங்குவதற்குள் முந்தானை ஒரு முள்ளில் மாட்டிக்கொண்டது. விடுவித்தாள். மறுபடி மாட்டியது.

"அக்கா, ஊக்கு இருக்கா?"

கெர்ட்ரூட் நின்றாள். கேட்டது லூசிதான், தானாக நீட்டவில்லை. முதுகுப் பக்கம் ஒன்று குத்தினால் போதும், திசைகாட்டி இருக்கும் இடத்துக்கு அது எட்டாது. இவ்வளவும் அந்த ஒரு நொடியில் தெளிவாகத் தெரிந்தது. ரவிக்கைக்குள் கைவிட்டுக் கொத்தைக் கழற்றினாள். முந்தானையை இறுக்கமாகக் குறுக்கே இழுத்து, லூசியின் நெஞ்சின்மேல் மடித்து ஒன்று குத்தினாள். அதன் கீழே ஒன்று. பக்கத்தில் ஒன்று.

"போதும் அக்கா."

"வழியில பிரிஞ்சுடும். இருக்கட்டும்."

கடைசி ஊக்குவரை குத்தினாள். ஓர் ஊக்குகூடக் கோணலாக விழவில்லை. அதுதான் பிறகு பல நாள் அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"நன்றிக்கா. நீங்க இல்லேன்னா நான் என்ன பண்ணுவேன்" என்று லூசி திசைகாட்டியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

காட்டுக்குள் போனதும் மினாராவும் இல்லை, பாலமும் இல்லை. நாலாபக்கமும் ஒரே மாதிரி மரம். முள் காட்டுவதுதான் திசை. லூசி பாடத்தில் சொன்னபடியே எல்லாம் செய்தாள். முள்ளைப் பார்த்து, எதிரில் ஒரு மரத்தைக் குறித்துக்கொண்டு, அதுவரை போய், மறுபடி முள்ளைப் பார்த்து அடுத்த மரம். ஒவ்வொரு மரமும் கொஞ்சம் கொஞ்சமாக வலப்பக்கம் ஒதுங்கியது. கெர்ட்ரூட் பின்னால் நடந்தாள். இந்தப் பெண்ணுக்கும் தப்பு வரும், அவ்வளவுதான், அவர் அதைப் பார்க்கட்டும், ஒரே ஒரு தடவை பார்க்கட்டும்.

ஓர் ஓடையைத் தாண்டினார்கள். கொஞ்ச தூரத்தில் இன்னோர் ஓடை வந்தது. அதையும் தாண்டினார்கள். அதன் பிறகு ஏற்றம் வரவேண்டும். வரவில்லை. சேறும் முள்ளுமாக பெர்த்தாம் என்கிற முட்பனைப் புதர் வந்தது. அட்டைகள் கால் விரல்களுக்கு இடையே ஏறின. மேலே மரங்களுக்கு அப்பால் வானம் கறுத்து, முதல் இடி உருண்டது. லூசி நின்றாள்.

"ஏறணுமே அக்கா. ஏன் இன்னும் ஏறல?"

கெர்ட்ரூட் குனிந்து கால் விரலிலிருந்து ஓர் அட்டையைப் பிய்த்துப் போட்டாள்.

"முள்ளைப் பார்த்துத்தான் வந்தேன். ஒவ்வொரு தடவையும் பார்த்தேன். நீங்களும் பின்னாலதானே வந்தீங்க, நான் ஏதாச்சும் தப்பு பண்ணினேனா? சொல்லுங்க. சார் சொன்னது ஒன்னைக்கூட விடலையே நான்." புதுக் கண்ணாடி ஆவி படிந்து மங்கியிருந்தது. "எனக்கு இது வராது போலிருக்கு அக்கா. இத்தனை நாளும் வர்ற மாதிரி நடிச்சிருக்கேன் போலிருக்கு."

அவள் கை கழுத்தில் தொங்கிய பித்தளை விசிலுக்குப் போனது.

அந்தப் பேச்சு கெர்ட்ரூடுக்குப் புதிதில்லை. பின்வாசல் படியில் தான் தனக்கே சொல்லிக்கொண்ட பேச்சு. அதை இன்னொருத்தியின் வாயில் கேட்டபோது இனிக்கும் என்று நினைத்திருந்தாள். இனிக்கவில்லை. இப்போதாவது சொல்லியிருக்கலாம், ஊக்கைக் கழற்று என்று. சொல்லவில்லை. கையை நீட்டினாள்.

"ஊதாதே. குடு, நான் பார்க்கிறேன்."

"நீங்களா?"

"குடு. நீ பின்னால வா. கிட்ட வராதே, கிளை அடிக்கும்."

கண்ணை மூடினாள். மேசையின் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்த வரைபடம் வந்தது, தெற்கு மேலாக. தெற்கே போகிறவளுக்கு அதுதான் சரியான வரைபடம். போகிற இடம் நேர் முன்னால் இருக்கிறது. இரண்டு ஓடைகள் கீழே ஒன்றாகச் சேருகின்றன. அவற்றுக்கு நடுவே கோடுகள் வெளிப்பக்கமாக வளைந்து ஏறுகின்றன. மலையின் மூக்கு. அதன் உச்சியில் தூண். ஒரே ஓர் ஓடையைத்தான் தாண்டியிருக்க வேண்டும்.

"ஒன்னு கூடுதலாத் தாண்டிட்டோம். திரும்பணும்" என்றாள்.

உள்ளங்கையில் முள் அசையாமல் நின்றது. இந்தத் தடவை அது யார் பேச்சையும் கேட்கவில்லை. இரண்டாவது ஓடையைத் திரும்பத் தாண்டி, மேடு தொடங்கும் இடத்தைக் கண்டுபிடித்து ஏறினாள். மழை வந்துவிட்டது. மூச்சு வாங்கியது, புடவை காலைச் சுற்றியது, அவளுக்கு எதுவும் தெரியவில்லை. நான் கொண்டுபோகிறேன் என்ற ஒரே நினைப்பு உடம்பெங்கும் ஓடிக்கொண்டிருந்தது. வகுப்பில் கரும்பலகைக்கு முன்னால் நின்ற நாளுக்குப் பிறகு அப்படி ஒரு சந்தோஷம் அவளுக்கு வந்ததில்லை. பின்னால் லூசி தேம்பிக்கொண்டு வருவது கேட்டது. அதுவும் அந்தச் சந்தோஷத்தில் ஒரு பங்காகத்தான் இருந்தது.

மரங்கள் விலகின. தூணுக்குப் பக்கத்தில் லூயிஸ் நனைந்துகொண்டு நின்றிருந்தார்.

"டீச்சர், என்ன ஆச்சு? எவ்வளவு நேரமா நிக்கிறேன்."

"நான் வழியை விட்டுட்டேன் சார். அக்காதான் கூட்டி வந்தாங்க."

"யாரு, இவளா?" அவர் திரும்பினார். "நீயா?"

அந்த "நீயா"வை கெர்ட்ரூட் முழுசாக வாங்கிக்கொண்டாள். இத்தனை வாரமாகக் காத்திருந்தது அதற்குத்தான். அவர் கண் அவள் மேல் இருந்தது. எவ்வளவு நேரம்? கொஞ்ச நேரம்தான். பிறகு அது லூசியின் பக்கம் போய்விட்டது.

"உங்களுக்கு எப்படித் தப்பு வரும்? வராதே. திசைகாட்டியை எப்படிப் பிடிச்சீங்க, காட்டுங்க."

லூசி கையை நெஞ்சுக்கு நேராக வைத்துக் காட்டினாள். அவர் பார்த்தார். ஒரே பார்வைதான்.

"இதென்ன, இவ்வளவு ஊக்கு? எல்லாம் எஃகு டீச்சர்! முள்ளு முழுக்க இதுங்க பக்கம்தானே சாய்ஞ்சிருக்கும்." அவர் முகம் தெளிந்தது. "அப்ப தப்பு உங்க மேல இல்ல. இதைக் கணக்குல எடுத்துக்க வேணாம். யாரு குத்தினது?"

"அக்காதான் குத்தி விட்டாங்க. முந்தானை முள்ளுல மாட்டிக்கிச்சு."

லூயிஸ் சிரித்தார். "பாவம், அவளுக்கு என்ன தெரியும். ஊக்குன்னா அவளுக்குத் துணி குத்தறது."

"எனக்கே தோணலையே சார். அக்கா என்ன பண்ணுவாங்க" என்று லூசியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். இருவரும் அவளைப் பார்த்துக் கனிவாகச் சிரித்தார்கள்.

கெர்ட்ரூட் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. கூடச் சேர்ந்து சிரித்தால் போதும். ஒன்றும் தெரியாத, நல்ல மனைவியாக வீடு திரும்பலாம். லூசி நாளைக்கும் அக்கா என்பாள். அந்தக் கனிவு மட்டும் அவள் தொண்டையில் இறங்க மறுத்தது. திட்டு வாங்கினால்கூட இறங்கிவிடும்.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"ஊக்கு முள்ளை இழுக்கும்னு. ரொம்ப நாளாத் தெரியும். என் கழுத்துல கிடந்த கொத்துதான் அது. வாராவாரம் அதோடதான் உங்க முன்னால நின்னு தப்புத் தப்பாச் சொன்னேன். நீங்க கேட்பீங்கன்னு பார்த்தேன். அவ கண்ணாடியைப் பார்த்தீங்கல்ல."

மழை தூணின்மேல் விழுந்து தெறித்தது.

லூசிதான் முதலில் பேசினாள். "தெரிஞ்சேவா குத்தினீங்க?"

"ஆமா."

"அந்தச் சேத்துல நான் அழுதப்பவும் தெரியும்?"

"தெரியும்."

லூசி ஊக்குகளைக் கழற்றத் தொடங்கினாள். விரல் விறைத்திருந்ததால் நேரம் பிடித்தது. யாரும் உதவிக்குப் போகவில்லை. கழற்றியதை கெர்ட்ரூடிடம் கொடுக்காமல் தூணின் அடியில் வைத்தாள்.

"சார், நான் இதைத் திரும்ப நடக்கணும். இப்பவே. இங்கேர்ந்து அந்த முகட்டுக்கு."

"மழை விடட்டும் டீச்சர். நடக்கலாம். நான் கூட வர்றேன்." லூயிஸின் குரல் தாழ்ந்திருந்தது. மனைவியின் பக்கம் பார்க்காமல் சொன்னார். "நீ பாதையிலேயே காருக்குப் போயிடு."

"வேணாம்" என்றாள் லூசி. "நீங்களும் நானும் தனியாக் காட்டுக்குள்ள போனா மதர் என்னைப் பள்ளிக்கூடத்துலயே வைக்கமாட்டாங்க. இவங்க வந்துதான் ஆகணும்." மங்கிய கண்ணாடியைக் கழற்றி, துடைக்க உலர்ந்த துணி இல்லாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள். அதுவரை அக்கா என்று சொன்ன வாய் அந்தச் சொல்லைத் தாண்டிப் போனது. "ஆனா என் பின்னால வேணாம். நீங்க முன்னால நடங்க."

மழை தணிந்ததும் இறங்கினார்கள், திசைகாட்டி இப்போது லூசியின் கையில். கெர்ட்ரூட் முன்னால் நடந்தாள். பின்னாலிருந்து லூசி கோணத்தைச் சொன்னாள், எந்த மரம் என்று சொன்னாள், வேறெதுவும் சொல்லவில்லை. சொன்ன மரம் ஒவ்வொன்றும் சரியாக இருந்தது. எல்லோருக்கும் கடைசியாக லூயிஸ் வந்துகொண்டிருந்தார். அவருடைய பார்வை இப்போது தன் முதுகின்மேல்தான் இருக்கிறது, வேறெங்கும் போகவில்லை என்பது அவளுக்குத் திரும்பாமலே தெரிந்தது. அது எப்படிப்பட்ட பார்வை என்று பார்க்க மட்டும் அவள் ஒருமுறைகூடத் திரும்பவில்லை.